பெங்களூரா, தென்மலையா, தேரிக்காடா: மூன்று நாள் கார் பயணத்துக்கு எந்த வழி?

பெங்களூருவில் வேலை பார்க்கும் சித்தி மகன் சித்திரை மாதம் போன் செய்தான். "அண்ணே, மூணு நாள் லீவு போட்டு எல்லாரும் இங்க வாங்க. கடையிலயே காய்ச்சி கடையிலயே ஊத்துற பீர் இங்க தெருவுக்குத் தெரு இருக்கு. அதக் குடிச்சுப் பாத்துட்டு அப்படியே கூர்க் மலைக்குப் போயிருவோம்" என்றான். பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர், கார் ஒன்று. மற்ற மூவரும் உடனே தலையாட்டிவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

பீர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் மலையும் வேண்டும், அந்தந்த ஊர் பானமும் வேண்டும் என்றால், திருநெல்வேலியில் இருப்பவன் 600 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்த்தான் ஆகவேண்டுமா என்று தோன்றியது. மேற்கே பார்த்தால் மொட்டை மாடியிலிருந்தே மலை தெரிகிற ஊர் நம்முடையது. தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் பனங்காடு. அதனால் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களுக்கும் இதே குழப்பம் இருந்தால் இது உதவும்.

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். தூரம், செலவு, குளிர் எல்லாம் பிறகு. ஒரு பானத்துக்காகக் காரை எடுக்கிறோம் என்றால், அது நம் ஊருக்கு வந்து சேர முடியாத பானமாக இருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்த பீர் எந்த ஊருக்கும் வந்துவிடும். தேயிலைத் தூளும் கருப்பட்டியும் அப்படித்தான். ஆனால் தொட்டியிலிருந்து நேரே கிளாஸுக்கு வரும் பீர் வராது. காலையில் இறக்கிய கள் வராது. பதநீர் அதே ருசியோடு வராது. இந்த மூன்றுக்கும்தான் நாம் தேடிப் போக வேண்டும். எது எந்த மணிக்கு நன்றாக இருக்கும், எந்த மாதம் கிடைக்கும் என்று பார்த்தால் பயணத் திட்டம் தானாக உருவாகிவிடும்.

சரி, முதலில் பெங்களூரு. அதற்குரிய மதிப்பைக் கொடுத்துத்தான் பேச வேண்டும். 2010-க்குப் பிறகு அங்கே வளர்ந்த, மைக்ரோபிரூவரி என்கிற இந்தக் காய்ச்சும் கடைகளில் நடப்பது உண்மையான கைவேலை. முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர் என்று சரக்கு நான்குதான். பார்லியை எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில் நிறம் மாறுகிறது. பொன்னிறத்திலிருந்து காபி டிகாஷன் நிறம் வரை போகும். கோதுமை சேர்த்துக் காய்ச்சும் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்ததுபோல் ஒரு வாசம் வரும். ஆனால் அதில் பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. அந்த வாசத்தைக் கொடுப்பது ஈஸ்ட்தான். தம்பி என்னை முதல்முறை அழைத்துப்போனபோது கண்ணாடிக்குப் பின்னால் நின்ற செம்புத் தொட்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேழ்வரகும் மாம்பழமும் சேர்த்துக் காய்ச்சிப் பார்ப்பவர்களும் உண்டு.

ஆனால் கணக்கு இடிக்கிறது. மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், ஓசூர் என்று நாற்கரச் சாலையிலேயே போனாலும் பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும். பெங்களூருவிலிருந்து கூர்க்கின் முக்கிய ஊரான மடிக்கேரி இன்னும் 250 கிலோமீட்டர். போகவர எல்லாம் சேர்த்தால் 1,700 கிலோமீட்டர். மூன்று நாளில் இதைச் செய்தால் பார்ப்பதெல்லாம் டோல்கேட்டாகத்தான் இருக்கும். கூர்க்கை விட்டுவிட்டு வழியில் சேலத்தில் திரும்பி ஏற்காடு ஏறலாம். அதுவும் நல்ல மலைதான். இருந்தாலும் அந்த பீரில் போகும் ஹாப்ஸ் பெரும்பாலும் கடல் கடந்து வருவது. தொட்டி எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு ஊர். மண்ணுக்கும் அதற்கும் உறவு குறைவு. பெங்களூரு பீருக்கு என் முடிவு: ரயிலில் போங்கள், இரண்டு நாள் தம்பி வீட்டில் தங்குங்கள், மெட்ரோவில் போய்க் குடித்துவிட்டு மெட்ரோவிலேயே திரும்புங்கள். காரை எடுக்க வேண்டாம்.

அடுத்தது மேற்கு. திருநெல்வேலி, ஆலங்குளம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை. மொத்தமே 100 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் இந்தச் சின்னத் தூரத்துக்குள் நாடே மாறிவிடுகிறது. ஆலங்குளம் வரை வெயில் காயும் செம்மண்ணும் காற்றாலைகளும். தென்காசி தாண்டியதும் காற்றில் ஈரம். புளியரை ஏற்றத்தில் திரும்பினால் கீழே வயல்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும். மேலே ஆரியங்காவு கணவாயில் ஏறி இறங்கியதும் ரப்பர் மரங்களும் ஓட்டு வீடுகளும் தேவாலயங்களும் வந்துவிடும்.

செங்கோட்டையில் அரை நாளாவது நிற்கலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. வாஞ்சிநாதன் பிறந்த ஊர். இங்கிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து போகும் ரயில் பாதை 1904-ல் வந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் அதில் ஏறியவர்கள் இன்றும் அதைப்பற்றிப் பேசும்போது குரல் மாறும். 2010-ல் நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் மறுபடி திறந்தார்கள். கழுதுருட்டி பக்கம் சாலையை ஒட்டியே நிற்கும் பதிமூன்று கண் பாலத்தைக் காரை ஓரமாக நிறுத்திப் பாருங்கள். கருங்கல் தூண்களுக்குக் கீழே ஆறு, மேலே ரயில். எங்கள் கூட்டத்தில் ஒருவரை செங்கோட்டையில் ரயிலேற்றிவிட்டு, மற்றவர்கள் காரில் போய்த் தென்மலையில் அவரை ஏற்றிக்கொண்டது ஒரு தடவை. அடுத்த தடவை ரயிலேற எல்லாரும் போட்டி போட்டோம்.

பாலருவிக்கு ஆரியங்காவிலிருந்து வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். தென்மலையில் கல்லடை ஆற்று அணை, செந்தூருணிக் காடு. இவையெல்லாம் ஒரு பகலுக்குப் போதும்.

இனி கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளு ஷாப்புகள். தென்னம்பாளையைக் கட்டி, தினமும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி, கலயம் கட்டுகிறார்கள். சொட்டு விழத் தொடங்கியதுமே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. பீர் காய்ச்சுபவர் இரண்டு வாரம் காத்திருக்கும் வேலை இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது. காலைக் கள் இனிப்பு, லேசான நுரை. மதியத்துக்கு மேல் புளிப்பும் போதையும் ஏறும். மறுநாள் விட்டால் காடிதான். பக்கத்தில் வேகவைத்த கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) குடம்புளி போட்ட மீன் கறியும் இருந்தால், பீருக்கு வைக்கும் எந்த நொறுக்குத் தீனியும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பக்கத்திலிருந்து. வண்டியில் ஏறி, பல மணி நேரம் குலுங்கி வந்த கள் அது. அதனால் கடையில் உட்கார்ந்ததும் "இவிடத்தெ கள்ளாணோ?" (இந்த ஊர்க் கள்தானா?) என்று கேட்டுவிடுங்கள். இங்கேயே பாளை சீவி இறக்கியது என்றால் குடிக்கலாம். வெளியிலிருந்து வந்தது என்றால் கப்பையும் மீனும் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஒருமுறை இதைக் கேட்காமல் சாயங்காலம் ஒரு கடையில் குடித்தேன். புளித்த மோரில் சர்க்கரை கரைத்ததுபோல் இருந்தது, மறுநாள் முழுக்கத் தலைவலி. இன்னொரு முறை காலை பத்து மணிக்கு, மரம் ஏறி இறங்கிய செத்துக்காரர் (கள் இறக்குபவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து வைத்ததைக் குடித்தேன். இளநீரில் மெல்லிய காரம் சேர்த்த மாதிரி. இரண்டும் ஒரே பெயருள்ள பானம் என்று நம்பவே முடியவில்லை.

குடித்தவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது. சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது சிறை. இருட்டில் அந்தக் கணவாய் வளைவுகளில் எதிரே வரும் லாரியை நினைத்தால் சட்டமே தேவையில்லை. ஒன்று, குடிக்காத ஒருவர் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தென்மலையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். கேரளத்தில் 23 வயது ஆகாதவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள். கள்ளை பாட்டிலில் பிடித்துக்கொண்டு புளியரைப் பக்கம் வர நினைக்காதீர்கள், தமிழ்நாட்டில் அது குற்றம். திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுக்கொள்ளலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

மூன்றாவது, மாஞ்சோலை. நண்பர்களில் ஒருவர் இதைத்தான் பிடிவாதமாகச் சொன்னார். மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சாவடியில் அனுமதி காட்டி, குறுகலான பாதையில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. கீழே அம்பாசமுத்திரத்தில் வேர்த்துக் கொட்டும்போது மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். அங்கே குடித்த தேநீரின் ருசியை நான் மறக்கவில்லை. பறித்த அன்றே வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்திய இலை.

ஆனால் இதை மற்ற வழிகளோடு ஒரு தட்டில் வைத்து எடை போட என்னால் முடியவில்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா நிறுவனம் உண்டாக்கிய தோட்டம் அது. அங்கே வேலை செய்தவர்கள் நாலைந்து தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்கள். 1999 ஜூலை 23-ல் கூலிக்காகவும் சிறையில் இருந்த தோழர்களுக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் சிதறி ஓடி, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கொக்கிரகுளம் பாலத்தில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். குத்தகை முடிய 2028 வரை இருந்தும் 2024-லேயே நிறுவனம் தோட்டத்தை மூட, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையிறங்க வேண்டிவந்தது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் நிலம், காடாகத் திரும்ப வேண்டிய நிலம் என்பது சரிதான். ஆனால் லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் செம்பருத்தி வைத்து வளர்த்தவர்களை நினைக்காமல் அங்கே போய் போட்டோ எடுக்க மனம் வரவில்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பகல் போய், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். அனுமதி விதிகள் அடிக்கடி மாறும், அம்பாசமுத்திரத்தில் வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டிலேயே அதிக மழை என்று செய்தியில் வரும் ஊர்கள் நாலுமுக்கும் ஊத்தும்தான். தை, மாசி நல்லது. மலை மட்டும் போதும் என்றால் பாபநாசம், காரையாறு, சொரிமுத்தையனார் கோயில் என்று சுற்றிவிட்டு வரலாம். வரும் வழியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்க மறக்காதீர்கள்.

நாலாவது வழியை யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். தென்கிழக்கே, பனங்காட்டு வழி. திசையன்விளை, உடன்குடி, இட்டமொழி, அங்கிருந்து மேற்கே திரும்பி ஏர்வாடி, திருக்குறுங்குடி.

பதநீரும் கள்ளும் பாளையில் பிறக்கும்போது ஒன்றுதான். நடுவில் இருக்கும் வித்தியாசம் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு மட்டும்தான். அந்தச் சுண்ணாம்பு ஈஸ்ட்டை வேலை செய்யவிடாது, சாறு புளிக்காமல் நிற்கும். கொஞ்சம் குறைந்தால் புளிப்பு எட்டிப்பார்க்கும், கொஞ்சம் கூடினால் நாக்கில் காரல் அடிக்கும். பனையேறி அதை விரலால் தடவியே அளவு பார்க்கிறார். எந்த பீர் தொட்டியிலும் இருக்கும் வெப்பமானியும் மீட்டரும் செய்யும் வேலையை ஒரு ஆள் தன் விரல் நுனியில் வைத்திருப்பதை நேரில் பார்க்க வேண்டும். கைவேலைப் பானம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இதற்கும் மணி உண்டு. விடியற்காலையில் மரம் ஏறி இறக்குகிறார்கள். ஆறரை, ஏழு மணிக்கு நாம் அங்கே இருக்க வேண்டும். போன வருடம் திசையன்விளை பக்கம் எட்டரைக்குப் போய் நின்றோம். பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி, "எய்யா, இவ்ளோ நேரங்கழிச்சா வாறது? பதனி எல்லாம் அடுப்புக்குப் போயிட்டே" என்றார். பக்கத்தில் ஓலைக் கூரை போட்ட விடிலியில் அவர் வீட்டம்மா பெரிய வட்டையில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை பொங்கிப் பொங்கி அடங்கி, நிறம் கறுத்து, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. வெயிலும் புகையும் அடுப்பின் அனலும் சேர்ந்த அந்தக் குடிசையில் அந்த அம்மா ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று யோசித்ததிலிருந்து நான் கருப்பட்டிக்கு விலை பேசுவதில்லை. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியை விடிலியிலேயே வாங்கினால் நல்ல சரக்கும் நமக்கு, காசும் நேரே அவர்களுக்கு.

மறுநாள் ஆறு மணிக்கே போய் நின்றோம். பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். ஓலை வாசத்தோடு குடிக்க வேண்டும். நுங்கு கிடைத்தால் அதிலேயே நசுக்கிப் போட்டுக்கொள்ளலாம். கன்னியாகுமரிப் பக்கம் இதையே அக்கானி என்பார்கள். காரில் குழந்தைகள் இருக்கலாம், அம்மா இருக்கலாம், ஓட்டுபவரும் குடிக்கலாம். மேற்கு வழியில் இந்த வசதி இல்லை.

பனங்காட்டில் மலை இல்லையே என்று கேட்டார்கள். செம்மணல் மேடுகள் அலை அலையாகக் கிடக்கும் தேரிக்காட்டைப் பார்த்துவிட்டு மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் திருக்குறுங்குடி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மலை ஊர் வாசலிலேயே நிற்கும், நம்பியாறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. மேலே காட்டுக்குள் மலைமேல் நம்பி கோயில், அதற்கும் வனத்துறை அனுமதிக்கும் நாளில்தான் போக முடியும். கீழே பெரிய கோயிலின் கல்தூண்களைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்ப்பதற்கே ஒரு நாள் தரலாம். தங்கும் விடுதி வசதி இந்தப் பக்கம் குறைவு என்பது உண்மை. இரவுக்கு அம்பாசமுத்திரமோ தென்காசியோ போய்விடுவது நல்லது.

அப்போ எது? மாதத்தைச் சொல்லுங்கள், வழியைச் சொல்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்றால் பனங்காட்டு வழி, சந்தேகமே வேண்டாம். அந்த மாதங்களில் குற்றாலம் காய்ந்து கிடக்கும், பாலருவியிலும் தண்ணீர் இருக்காது. ஆடி, ஆவணி என்றால் மேற்கு வழி. சாரல் அடிக்கும், ஐந்தருவி முக்கில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். பதநீர் அப்போது முடிந்துகொண்டிருக்கும். தை, மாசி என்றால் மாஞ்சோலை, பாபநாசம்.

எங்களுக்கு லீவு கிடைத்தது ஆனி முதல் வாரத்தில். பதநீரின் கடைசி நல்ல வாரங்களும் சாரலின் முதல் வாரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சமயம் அது. அதனால் இரண்டு வழிகளையும் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி, ஆறரைக்குத் திசையன்விளை. மதியம் திருக்குறுங்குடி. களக்காடு, சேரன்மகாதேவி வழியாக இரவு தென்காசி. ஞாயிறு காலை பழைய குற்றாலத்தில் குளியல், தண்ணீர் அதிகம் விழுந்து தடுத்துவிட்டால் அது போகட்டும், நேரே செங்கோட்டை. பிறகு பதிமூன்று கண் பாலம், பாலருவி, இரவு தென்மலையில் தங்கல். திங்கள் காலை பத்து மணிக்கு, இங்கேயே இறக்கிய கள் இருக்கும் கடையாகப் பார்த்து ஒரு மணி நேரம். அன்று வண்டி ஓட்டுவது நான், எனவே எனக்குக் கப்பையும் மீனும்.

தம்பியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, அந்தப் பட்டையில ஊத்திக் குடிச்சு எத்தனை வருசமாச்சு தெரியுமா" என்றான். வியாழன் இரவு நாகர்கோவில் ரயிலில் அவனுக்கு டிக்கெட் போட்டாயிற்று.